உப்புக் காற்றில் ஒரு ஸ்டாண்டர்டு கார்: கேவிட்டி வேக்ஸ் நம்ம கரையில் தாங்குமா?

கையும் பிரஷும் எட்டாத மூடிய இடங்களுக்குள் அடிக்கிற மெழுகுதான் கேவிட்டி வேக்ஸ். சேஸிஸ் பெட்டியின் உட்புறம், கதவின் அடிவயிறு, கதவுக்குக் கீழே ஓடும் சில் எல்லாம் இதற்கான இடங்கள். 500 மில்லி ஸ்பிரே டப்பாவாக வருகிறது. கூடவே 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மெல்லிய குழாயும், அதன் நுனியில் நாலாபக்கமும் பீய்ச்சும் நாசிலும் இருக்க வேண்டும். அந்தக் குழாய் இல்லாத டப்பாவைக் கையில் எடுக்கவே வேண்டாம். இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்தில் பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் இதை வாங்கலாமா? வாங்கலாம். உப்பைக் கழுவாமல் அடித்தால் மட்டும் காசோடு வண்டியும் போகும்.

எந்த வண்டிக்காக இவ்வளவு பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கவென்ட்ரியில் 1903-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961-இல் லேலண்டு கைக்குப் போனது. 1963-க்குப் பிறகு இங்கிலாந்தில் அந்தப் பெயரில் கார் வரவில்லை. பெயர் உயிரோடு இருந்தது சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில்தான். ஹெரால்டு, அதன் நாலு கதவு வடிவம், 1972-இல் வந்த கெஸல், கடைசியாக 80-களில் ரோவர் எஸ்டி1 உடலில் ஸ்டாண்டர்டின் பழைய வான்கார்டு காரின் பரம்பரை எஞ்சினைப் பூட்டிய ஸ்டாண்டர்டு 2000 என எல்லாமே அங்கிருந்து வந்தவை. நாலு கதவு ஹெரால்டும் கெஸலும் இங்கிலாந்திலேயே கிடையாது. இன்று ஒரு கெஸலுக்கு ஒரிஜினல் கதவு வேண்டுமென்றால் இன்னொரு கெஸலைத்தான் உடைக்க வேண்டும். அதனால் இவற்றை விற்பனைக்கே வராத ஒற்றை மாதிரி வண்டியைப் பார்ப்பது போலத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஒற்றை வண்டிகளை இங்கிலாந்தில் காப்பாற்றும் விதம் வேறு. லிவர்பூல் பக்கத்து ஸ்பீக் ஆலை 1978-இல் மூடப்பட்டபோது, ஸ்டாண்டர்டு முன்பு வாங்கியிருந்த டிரையம்ப் பெயரில் வரவிருந்த லிங்க்ஸ் என்ற கார்த் திட்டமும் செத்தது. மிஞ்சிய மாதிரி வண்டி கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் கூரைக்கு அடியில் பத்திரமாக நிற்கிறது. உச்சிப்புளியில் ஒரு கீற்றுக் கொட்டகையில் நிற்கும் ஹெரால்டுக்கு அந்த வசதி கிடையாது. காற்றை மாற்ற முடியாத இடத்தில் தகட்டுக்கும் காற்றுக்கும் நடுவே எதையாவது வைத்தாக வேண்டும். அந்த 'எதையாவது' எது என்பதில்தான் பெரும்பாலான வண்டிகள் கெட்டுப்போகின்றன.

எந்தப் பொருளை வாங்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி, நாளை இதைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது. மெழுகை மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து எடுத்துவிடலாம். அடியில் ஆலையில் அடித்த பெயிண்ட், சாக்பீஸில் எழுதிய எண், கையால் தட்டிய சுத்தியல் தடம் எல்லாம் அப்படியே இருக்கும். மணல் அடித்துச் சுத்தம் செய்தால் இதில் எதுவும் மிஞ்சாது. கையால் செய்த மாதிரி வண்டிகளில் தகட்டு இணைப்புகளை ஈயம் ஊற்றி நிரவியிருப்பார்கள். அங்கே கேஸ் விளக்கைக் காட்டினால் ஈயம் உருகி ஓடிவிடும், உப்புத்தாள் போட்டால் ஈயத் தூசு மூச்சில் ஏறும். வண்டி கைக்கு வந்ததும் டிங்கர் கடைக்கு விடுகிற பழக்கத்தை இந்த வகை வண்டிகளிலாவது நிறுத்த வேண்டும். முதல் வேலை போட்டோ எடுப்பது, இரண்டாவது வேலை கழுவுவது.

கழுவுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பத்துக்கு எட்டுப் பேர் தவறுவது இங்கேதான். சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் நீர்த்துப் போகும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம்ம கரையில் காற்று அவ்வளவு உலர்வது அபூர்வம். ஆகவே சேஸிஸுக்குள் படிந்த உப்பு சித்திரை வெயிலில்கூட முழுசாகக் காய்வதில்லை, வருஷம் முழுக்க மெல்லிய ஈரப்படலமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் மெழுகை அடித்தால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே குழி விழுந்துகொண்டே போகும்.

போர் தண்ணீரில் கழுவக் கூடாது. கடலோர ஊர்களில் அது பெரும்பாலும் உவர்நீர். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், நூறு ரூபாய்க் கணக்கில் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர் முதல் தரம், அடுத்தது ஆர்ஓ தண்ணீர். ஊரணித் தண்ணீரை அளந்து பார்க்காமல் எடுக்காதீர்கள். மீட்டர் 200-க்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீர் சேஸிஸுக்குள் போக வேண்டாம். ஹோஸை ஓட்டைக்குள் விட்டு அழுத்தமில்லாமல் மெதுவாக ஓடவிடுங்கள். மறுமுனையில் வடியும் தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்து அளவு பாருங்கள். உள்ளே போனது 60, வெளியே வந்தது 900 என்றால் உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். வண்டியை ஒரு நாள் அப்படியே விட்டு மறுநாள் திரும்பக் கழுவுங்கள். துருவின் அடியில் பதுங்கிய உப்பு ஒரே நாளில் வெளியே வராது. உள்ளே போகிற அளவும் வெளியே வருகிற அளவும் இருபது முப்பதுக்குள் நெருங்கிய பிறகுதான் நிறுத்த வேண்டும். நாலைந்து சுற்று ஆகும், பொறுமை வேண்டும்.

கழற்ற முடிகிற இரும்புத் துண்டுகளுக்கு வேறு வழி இருக்கிறது. கீல், பிராக்கெட் போன்றவற்றைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையைத் துண்டுக்கும் பாசிட்டிவ் முனையைப் பழைய இரும்புத் தகட்டுக்கும் கொடுத்தால் துரு தானே கழன்றுவிடும். நாலு லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி சோடா போதும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்காதீர்கள், தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலக்கும். ஹைட்ரஜன் கிளம்பும் வேலை என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங்கையும் உறுதியான போல்ட்டையும் இதில் போட்டால் உடையும் தன்மை வந்துவிடும். அலுமினியத்தை இந்தத் தண்ணீர் அரித்துவிடும்.

இனி மெழுகு. மாசி, பங்குனியில் ஒரு உலர்ந்த நாளாகப் பார்த்து, கம்ப்ரஸர் காற்றால் உட்குழிகளை ஊதி, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, மதியம் அடியுங்கள். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை ஆகாது. டப்பாவை வெயிலில் காய வைக்க வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கும், நிழலின் சூடே நம்ம ஊரில் போதும். புதிதாக ஓட்டை போடாதீர்கள். ஹெரால்டில் அதற்குத் தேவையும் இல்லை. 1953-இல் உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனம் போட்டியாளரான பிஎம்சி வசம் போனது. அதனால்தான் ஸ்டாண்டர்டு இந்த வண்டியைத் தனி சேஸிஸ் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுச் சேர்க்கும்படி வடிவமைத்தது. அந்தப் போல்ட் துளைகளும் ரப்பர் அடைப்புகளுமே குழாய் நுழையப் போதும்.

குழாயைக் கடைசி வரை உள்ளே தள்ளி, பிறகு பட்டனை அழுத்தி, ஒரு கை நீளத்துக்கு மெதுவாக ஆறு ஏழு எண்ணும் வேகத்தில் பின்னால் இழுங்கள். வேகமாக இழுத்தால் நடுவில் வெற்றிடம் விழும், அந்த இடம்தான் முதலில் ஓட்டையாகும். ஹெரால்டில் கட்டாயம் பார்க்க வேண்டியவை பின்பக்கத்துப் பக்கவாட்டுக் கைகள், டிக்கிக்கு அடியில் நீளும் சட்டங்கள், பேட்டரித் தட்டு, எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தடுப்பான பல்க்ஹெட்டின் கீழ் மூலைகள், சேஸிஸுக்கும் உடலுக்கும் நடுவே ஈரம் குடித்துக் கிடக்கும் பேடுகள். பிரேக் டிரம், ரப்பர் புஷ், ஹேண்ட்பிரேக் கேபிள் மேல் மெழுகு படாமல் மூடிவிடுங்கள். மெழுகில் உள்ள கரைப்பான் ரப்பரை உப்ப வைக்கும். அடித்து முடித்த மறுநாள் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைச் சைக்கிள் ஸ்போக்கால் குத்தித் திறந்துவிடுங்கள். இதை மறந்தால் கதவு தண்ணீர்த் தொட்டியாகிவிடும், அப்புறம் எந்த மெழுகும் காப்பாற்றாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். குளிர்தேசத்துக்கென்று செய்த மெழுகு நம்ம வெயிலில் இளகும். வெயிலில் நிற்கும் வண்டியின் தகடு 60 டிகிரியைத் தாண்டும்போது மேல்பக்க மெழுகு வழிந்து அடியில் தேங்கும், மேலே படலம் மெலியும். அதனால் ஒரே கனத்த கோட்டாக அடிப்பதைவிட, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மெல்லிய கோட் நல்லது. டேட்டா ஷீட்டில் எத்தனை டிகிரி வரை வழியாது என்று போட்டிருக்கும், அது 80-க்குக் குறைந்தால் வேறு பிராண்டு பாருங்கள். தடித்த துருவுக்குள் மெழுகு ஊறுவதில்லை. இராமநாதபுரத்து பெயிண்ட் கடைகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம், ஆர்டர் போட்டுத்தான் வாங்க வேண்டும். ரெட் ஆக்சைடைவிட விலை பல மடங்கு. ஆனால் ரெட் ஆக்சைடால் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

பாம்பன் பாலத்தைப் பார்த்தாலே இது புரியும். 1914-இல் திறந்த பழைய பாலம் அந்தக் காற்றில் அத்தனை காலம் நின்றதற்குக் காரணம், அதன் இரும்பு வெளியே தெரிந்தது, ஆள் தொங்கிச் சுரண்டித் திரும்பத் திரும்ப பெயிண்ட் அடிக்க முடிந்தது. சேஸிஸின் உட்புறத்துக்கு எந்த ஆளும் தொங்க முடியாது.

மற்ற பொருட்களோடு ஒப்பிட்டால், கார் கழுவும் கடைகளில் அடித்துத் தரும் கருப்பு அண்டர்கோட்டிங் இந்த வண்டிகளுக்கு எதிரி. புது வண்டியின் சுத்தமான தகட்டில் அது பரவாயில்லை. பழைய தகட்டில் ஓரம் உரிந்து, உள்ளே உப்புத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திரும்ப எடுப்பதும் நரக வேலை. டானிக் அமில ரஸ்ட் கன்வெர்ட்டர் வெளிப்பக்கத்தில் இறுகப் பிடித்த மெல்லிய துருவுக்கு நல்லது, பழுப்பு நிறம் நீலக்கருப்பாக மாறும். செதில் விடும் துரு மேல் பூசினால் மேல்தோல் மட்டும் கறுக்கும். வேஸ்ட் ஆயில் அடிப்பது நம்ம பக்கத்துப் பழைய வழக்கம். அதில் எரிந்த அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கிறது, ரப்பரையும் மண்ணையும் கெடுக்கும், விட்டுவிடுங்கள். ஆட்டுரோமக் கொழுப்பில் செய்த லானோலின் ஸ்பிரே தனி ரகம். ஈரம் இருந்தாலும் ஊர்ந்து பிடிக்கும், போல்ட் மரைகளுக்கு அதைவிட நல்லது இல்லை. அடியில் சக்கரத் தண்ணீர் படும் இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காது. மாதிரி வண்டிகளில் இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு இருந்தால், இரண்டும் தொடும் கோட்டில் வெள்ளைப் பொடி பூக்கிறதா என்று பாருங்கள். அங்கே லானோலின் உடனே தேவை.

மெழுகும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம் என்று ஒரு இடம் ஹெரால்டில் உண்டு. முன்சக்கரத்தின் கீழ் டிரனியன். பித்தளை நிற உடலுக்குள் இரும்பு மரை திரும்பும். ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்கு இபி 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். நிப்பிள் இருப்பதைப் பார்த்து மெக்கானிக் கிரீஸ் அடித்துவிடுவார். கிரீஸ் மரை இடுக்கில் இறுகி, மேலே உப்புத்தண்ணீர் தேங்கி, இரும்பு மெலிந்து ஒரு நாள் முறியும், சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிவிடும். கிரீஸ் கன்னை மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் நிரப்பி, மேல் ஓரத்தில் சுத்தமான ஆயில் கசியும் வரை அடியுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை.

நிறுத்தும் இடம் மெழுகின் ஆயுளைப் பாதியாக்கும், இரட்டிப்பும் ஆக்கும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடா உப்பு வருகிறது. தொண்டி, தேவிபட்டினத்தில் வாடைக் காலத்தில் பாக் நீரிணை உப்பு. கொட்டகையின் வாசலை அந்தந்தத் திசைக்கு முதுகு காட்டி வையுங்கள். இராமேசுவரம் தீவில் இரண்டு பக்கமும் கடல் என்பதால் நாலு பக்கமும் அடைப்பு வேண்டும். தகரக் கூரையில் விடியற்காலையில் வேர்த்து வண்டி மேல் சொட்டும், பனையோலையில் சொட்டாது. தார்ப்பாயால் மூடுவதைவிட மூடாமல் விடுவது மேல், பருத்தித் துணிதான் சரி. கடல் மணல் தரையில் நிறுத்தவே கூடாது.

ஒரு ஹெரால்டுக்கு, இரண்டு கோட்டும் சேர்த்து, ஆறிலிருந்து எட்டு டப்பா கணக்கு வையுங்கள். போனில் சொருகும் எண்டோஸ்கோப் கேமரா ஒன்றையும் கூடவே வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே ஓட்டைகள் வழியாக உள்ளே பாருங்கள். தேன் நிறப் படலம் தொடர்ந்து தெரிந்தால் விட்டுவிடலாம். நடுவில் ஆரஞ்சுக் கோடு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் டர்பன்டைன் பீய்ச்சிக் கரைத்து, கழுவி, காயவைத்து, மறுபடி அடியுங்கள்.