படத்தைக் கட்டங்களாக வெட்டும் ஆன்லைன் டூல்கள்: தொடர்ந்து பயன்படுத்தினால் தெரியவருபவை

இன்ஸ்டாகிராம் புரொஃபைலில் ஒன்பது பதிவுகள் சேர்ந்து ஒரே பெரிய படமாகத் தெரியும்படி, படத்தை ஒன்பது துண்டாக வெட்டித் தரும் தளங்கள் ஏராளம். முதல் நாள் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும். வெட்டிய துண்டுகளை மறுபடி ஒட்டிப் பார்த்தால்தான் எது உருப்படி என்று தெரியும்.

முதலில் மீதி பிக்சல். 4000 பிக்சல் அகலப் படத்தை மூன்றாகப் பிரித்தால் 1333 வீதம் போக ஒன்று மிஞ்சும். நல்ல டூல் அதை ஏதாவது ஒரு துண்டில் சேர்த்து 1334 ஆக்கிவிடும். சில டூல்கள் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். ஒரு பிக்சல்தானே, போகட்டும். மோசமானவை 1333.33 என்ற பின்னத்தை அப்படியே வைத்துக்கொண்டு முழு எண் அளவுக்கு இழுத்து நிரப்புபவை. துண்டு முழுக்க லேசாக மங்கிவிடும். சின்ன எழுத்துகளிலும் மெல்லிய கோடுகளிலும் அது பளிச்சென்று தெரியும். இதைச் சோதிக்க 1000 பிக்சல் அகலப் படம் ஒன்று போதும். மூன்றாக வெட்டி அகலங்களைக் கூட்டிப் பாருங்கள், 1000 வர வேண்டும். அதைவிட எளிது, வெட்டுவதற்கு முன்பே படத்தை 3240 போல மூன்றால் மீதியின்றி வகுபடும் அகலத்துக்கு மாற்றிக்கொள்வது.

அடுத்தது ஜேபெக் (JPEG), தரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கோப்பைச் சிறிதாக்கும் வடிவம். வெட்டிய ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக மறுபடி சுருக்கப்படுகிறது. வானம், சுவர் மாதிரி நிறம் மெதுவாக மாறும் இடங்களில் இரண்டு துண்டுகளின் ஓரமும் ஒத்துப்போகாமல் தையல் தெரியும். என்ன தரத்தில் சேமிக்கிறது என்பதைப் பல தளங்கள் சொல்வதே இல்லை. தரம் குறையாமல் சேமிக்கும் பிஎன்ஜி (PNG) வெளியீடு இல்லாத டூலை ஒதுக்கிவிடலாம் என்பதே எங்கள் முடிவு. இன்ஸ்டாகிராம் எப்படியும் ஒருமுறை சுருக்கத்தான் போகிறது. அதற்கு முன்னால் இன்னொரு சுருக்கம் எதற்கு?

இன்ஸ்டாகிராமுக்காக வெட்டுபவர்கள் டூலின் வயதையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் புரொஃபைல் கட்டம் சதுரத்திலிருந்து 3:4க்கு மாறியது. இன்னமும் 1080×1080 துண்டுகளையே தரும் டூல்கள் உண்டு. அந்தச் சதுரத்தைப் போட்டால் கட்டத்தில் நடுவிலுள்ள 810 பிக்சல்தான் தெரியும். இருபுறமும் 135 வீதம் மறைந்துவிடும். அதாவது பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு நடுவே 270 பிக்சல் காணாமல் போகிறது. ஒரு முகம் அந்த வெட்டுக்கோட்டில் விழுந்தால் மூக்கே இருக்காது! 4:5 துண்டிலும் (1080×1350) பக்கத்துக்குச் சுமார் 34 பிக்சல் போகும். 3×3 கட்டத்துக்குச் சரியான அளவு மொத்தம் 3240×4320, ஒரு துண்டு 1080×1440. கட்டங்களுக்கு இடையே மெல்லிய இடைவெளி வருவதால் எழுத்தும் கண்களும் வெட்டுக்கோட்டில் படாமல் நகர்த்திக்கொள்ளுங்கள். இதற்கு முன்னோட்டத்தில் கோடுகளைக் காட்டும் டூல்தான் தோது.

போடும் வரிசை தலைகீழ்: கீழ் வலது மூலைத் துண்டு முதலில், மேல் இடது கடைசியில். பின்னால் ஒரே ஒரு பதிவு போட்டாலும் மொத்தக் கட்டமும் ஓர் இடம் நகர்ந்து குலைந்துவிடும். அதனால் மூன்று மூன்றாகத்தான் போட வேண்டியிருக்கும். புரொஃபைலின் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்த பதிவுகளும் இதே வேலையைச் செய்யும்.

கோப்புப் பெயர் சின்ன விஷயம்தான், ஆனால் பன்னிரண்டு துண்டானதும் தலைவலி. 1, 2 என்று மட்டும் பெயரிட்டால் சில இடங்களில் 1, 10, 11, 12, 2 என்று அடுக்கப்படும். 01, 02 என்றோ வரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் சேர்த்தோ பெயரிடுவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகத் தர வேண்டும். ஒவ்வொன்றாக இறக்கினால் உலாவி நடுவில் அனுமதி கேட்டு நிற்கும். (விளம்பரங்களுக்கு நடுவே உண்மையான டவுன்லோடு பொத்தானைக் கண்டுபிடிப்பது தனித் திறமை.)

படம் சர்வருக்குப் போகிறதா, உங்கள் உலாவியிலேயே வெட்டப்படுகிறதா என்பதை அறிய, பக்கம் திறந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு வெட்டிப் பாருங்கள். வேலை செய்தால் படம் வெளியே போகவில்லை. குடும்பப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இந்த வகை மட்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஐபோன் சஃபாரியில் கேன்வாஸ் (உலாவி படத்தை வரைந்து வெட்டும் இடம்) பரப்புக்கு நீண்ட காலமாக இருந்த வரம்பு 4096×4096, அதாவது சுமார் 1.68 கோடி பிக்சல். 48 மெகாபிக்சல் படம் கொடுத்தால் வெற்றுத் துண்டுகள் வரக் காரணம் பெரும்பாலும் இதுதான். 3240×4320 அந்த வரம்புக்குள் அடங்கும். ஐபோனின் ஹெய்க் (HEIC) வடிவப் படங்கள் கணினி குரோமில் திறக்காது; முதலில் ஜேபெக்காக மாற்றுங்கள். மாற்றும்போது கலர் புரொஃபைல் (நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று கோப்பில் இருக்கும் குறிப்பு) தொலைந்தால் சிவப்பும் பச்சையும் வெளிறிப் போகும், கவனம்.

பல ஏ4 தாள்களில் பெரிய போஸ்டர் அச்சிடுவதற்கு இந்த டூல்கள் சரிப்படாது. பிரிண்டர் ஓரம் விட்டுத்தான் அச்சிடும். ஒட்டுவதற்குத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறவும் வேண்டும். அதற்கு பிடிஎஃப் தரும் ராஸ்டர்பேட்டர் போன்ற போஸ்டர் டூலை எடுத்து, அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை நீக்கி 100 சதவீதத்தில் வையுங்கள். அடிக்கடி வெட்டும் வேலை இருந்தால் ஜிம்ப் மென்பொருளில் வெட்ட வேண்டிய இடங்களில் கைடு கோடுகள் போட்டு, அவற்றின் வழியே வெட்டும் Slice Using Guides (பழைய பதிப்புகளில் கில்லட்டின்) கொடுத்தாலே போதும், எந்தத் தளமும் தேவையில்லை.