ஐஸ் கிளீட்ஸ்: ஸ்கார்பரோவில் மூன்று மாதம் போட்டு நடந்த பிறகு

போன டிசம்பரில் கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது பார்த்தவர்கள் எல்லாரும் கோட்டைப் பற்றியே பேசினார்கள். திருச்சியிலிருந்து தெர்மல், குல்லா, கையுறை என்று மூட்டை கட்டிக்கொண்டு போனோம். காலைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. டொரண்டோவில் குளிர் எங்களை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குள் ஹீட்டர், காருக்குள் ஹீட்டர், கடைக்குள் ஹீட்டர். வாசலிலிருந்து கார் வரைக்கும் இருக்கிற பத்தடிதான் ஆளைச் சாய்க்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் ஐந்தாம் நாள் சாய்ந்தார். முந்தின நாள் கொஞ்சம் வெயில் அடித்துப் பனி உருகியிருந்தது. ராத்திரி அது அப்படியே உறைந்து, அடியில் தார் தெரிகிற மாதிரி கண்ணாடியாகிவிட்டது. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனவர் நல்லவேளையாகத் தொட்டி மேலேயே விழுந்தார். இடுப்பு தப்பித்தது, மானம் தப்பவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, எழுபத்தைந்து வயதாவது இருக்கும், அதே ஐஸில் விறுவிறுவென்று நடந்து வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு தன் பூட்ஸைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். பூட்ஸ் மேல் இழுத்து மாட்டுகிற ரப்பர் வளையம், அதன் அடியில் ஆணிகள். அப்படித்தான் கிளீட்ஸ் எங்களுக்கு அறிமுகமானது.

மாப்பிள்ளை அன்றிரவே ஆன்லைனில் ஒன்று தருவித்தார். பென்சில் பருமனுக்குச் சுருள் கம்பி சுற்றிய வகை. மெத்தென்ற பனியில் பரவாயில்லை, கெட்டியான ஐஸில் கம்பியும் சேர்ந்து வழுக்கியது. எட்டாம் நாள் பெருவிரல் பக்கம் ரப்பர் அறுந்தது. இவர் முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். இழுத்துப் பார்த்து, "சைக்கிள் ட்யூப்கூட இதைவிட நல்லா இருக்கும்" என்று குப்பையில் போட்டார்.

அடுத்ததை நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம். ஜோடி 24.99 டாலர். அங்கே வரி தனி, 13 சதவீதம். ரெண்டு ஜோடிக்கு 56.48 ஆனது. ஒரு சென்ட் நாணயம் வெளியிடுவதை 2013-லேயே நிறுத்திவிட்டார்களாம், அதனால் ரொக்கமாகக் கொடுத்தால் 56.50. அந்த ரெண்டு சென்ட் எங்கே போகிறது என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

இது சங்கிலியும் ஆணியும் உள்ள வகை. முன்பாதத்தில் பன்னிரண்டு, குதிகாலில் ஆறு என்று மிளகு பருமனில் மொட்டை ஆணிகள். வாங்குகிறவர்கள் குதிகாலைத்தான் முதலில் பார்க்கவேண்டும். முன்பக்கம் மட்டும் ஆணி வைத்து விலையைக் குறைத்து விற்கிறார்கள், அது வேண்டாம். பெரும்பாலும் குதிகாலை ஊன்றும்போதுதான் சறுக்குகிறது. இன்னொன்று, அளவு. கால் அளவைப் பார்த்து வாங்காதீர்கள், பூட்ஸையே கையில் எடுத்துக்கொண்டு போய் மாட்டிப் பாருங்கள்.

மாட்டுவதுதான் பாடு. முன்பக்கத்தை நுனியில் கொக்கி மாதிரி கோத்து, பின்பக்கத்தைக் குதிகால் வழியாக இழுத்து ஏற்றவேண்டும். எனக்கு முட்டிவலி. மேலே தடித்த ஜாக்கெட் வேறு, குனியவே முடியாது. தினமும் காலையில் வாசல் மிதியடியில் நான் ஸ்டூலில் உட்கார, இவர் மண்டியிட்டு மாட்டிவிடுவார். அம்மி மிதித்து மெட்டி போட்டுவிட்ட அன்றைக்கு அப்புறம் என் காலைத் தொட்டது இப்போதுதான் என்றேன். "அப்ப ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது" என்றார், மூச்சு வாங்க. வெளியே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். குளிரில் ரப்பர் விறைத்துப்போய் இழுக்கவே வராது.

பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வர எனக்குப் பத்து நிமிஷ நடை. கிளீட்ஸ் போட்டபின் ஒரு நாள்கூட விழவில்லை. ஐஸில் ஆணி இறங்கும்போது வறுத்த அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அடுத்த அடி எடுத்துவைக்கத் தைரியம் வரும். உப்பு போடுவார்களே என்பீர்கள். போடுகிறார்கள்தான். ஆனால் மைனஸ் பத்துக்குக் கீழே இறங்கினால் சாதாரண உப்பு மந்தமாகிவிடுகிறது.

நல்ல பூட்ஸ் இருந்தால் போதாதா என்று நானும் கேட்டேன். டொரண்டோவில் ஒரு மறுவாழ்வு ஆய்வு நிலையம் இருக்கிறது. பெல்ட் போட்டு ஆளைப் பத்திரமாகக் கட்டி, ஐஸ் தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, எத்தனை டிகிரியில் வழுக்குகிறார் என்று பார்ப்பார்கள். ஏழு டிகிரி தாங்கினால் குறைந்தபட்சத் தேர்ச்சி. 2016-ல் வெளியிட்ட முடிவில் 98 பூட்ஸில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மகள் வாங்கித் தந்த 140 டாலர் பூட்ஸ் காலுக்குக் கதகதப்பு, அவ்வளவுதான்.

குறையும் உண்டு. கடைக்குள் டைல்ஸ் தரையில் இதோடு கால் வைத்தால் ஐஸைவிட மோசம். ஆணி கடிக்க இடமே இல்லை. மளிகைக்கடை வாசலில் இவர் சர்ரென்று போய் பாஸ்மதி மூட்டையைக் கட்டிப்பிடித்து நின்றார். ஆகவே கடைக்குக் கடை கழற்றி மாட்டவேண்டும். நாலு கடை ஏறி இறங்குகிற நாளில் வெறுத்துவிடும், கையில் ஒரு துணிப்பை இருப்பது நல்லது. வெறும் சிமெண்ட் நடைபாதையிலேயே போனால் ஆணி தேய்ந்துவிடும். உப்பு பட்டுத் துருவும் ஏறும். கழுவித் துடைத்து எண்ணெய் போடட்டுமா என்றதற்கு, "ரப்பர்ல எண்ணெய் பட்டா ஊறிப்போயிடும், தண்ணில அலசிக் காயவச்சா போதும்" என்று மெக்கானிக் உத்தரவு.

எதிர்பாராத லாபம் ஒன்று. பொங்கலன்று ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். செருப்பு வைக்கிற இடத்தில் கண்ணுக்கெட்டியவரை கறுப்பு பூட்ஸ். தரிசனம் முடிந்து வந்தால் எது யாருடையது என்று குழம்பாதவர் இல்லை. எங்களுடையதை மட்டும் ஆரஞ்சு ரப்பரை வைத்து உடனே எடுத்துவிட்டோம்.

மார்ச் கடைசியில் ஊருக்குப் பெட்டி கட்டும்போது முன்பக்க ஆணிகள் பாதி தேய்ந்திருந்தன. மகளிடம் கொடுத்துவிடலாம் என்றேன். இவர் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஐப்பசி மழைக்கு நம் மொட்டைமாடியில் பாசி பிடிக்குமாம். பாசிக்கு எப்படி என்று போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.