செகண்ட் ஹேண்ட் காருக்கு ஏர்பேக் ரீகால்: வேலை சுத்தம், தகவல் சொல்லத்தான் ஆளில்லை

என் காரின் டிரைவர் பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டரை, அதாவது மோதும்போது பையை ஊத வைக்கும் பாகத்தை, ரீகாலில் (குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்வது) இலவசமாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். கம்பெனி பெயரையும் சர்வீஸ் சென்டர் பெயரையும் எழுதப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறை ஒரு கம்பெனியோடு நிற்கிற குறை இல்லை. மார்க் போடச் சொன்னால், மெக்கானிக் செய்த வேலைக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். இப்படி ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தெரிவித்த விதத்துக்குப் பூஜ்யம்தான்.

வண்டி செகண்ட் ஹேண்ட். ரீகால் கடிதம் அனுப்பியிருந்தால் அது முதல் ஓனரின் பழைய முகவரிக்குப் போயிருக்கும். ஆர்சியில் என் பெயர் ஏறி வருஷக்கணக்காகிறது, இன்ஷூரன்ஸ் முடியப் போகிறது என்று என் போனுக்குத் தவறாமல் மெசேஜ் வருகிறது, பழைய காரைக் கொடுத்துப் புதுசு எடுங்கள் என்று ஷோரூமிலிருந்தும் கூப்பிடுகிறார்கள், ஆனால் ஸ்டீயரிங்குக்குள் ஆபத்தான பாகம் இருக்கிறது என்று சொல்ல மட்டும் யாருக்கும் என் நம்பர் கிடைக்கவில்லை. கடைசியில் சொன்னது எங்கள் தெரு மெக்கானிக்தான். "அண்ணே, இந்த வருஷத்து மாடலுக்கு ஏர்பேக் ரீகால் ஓடிச்சே, சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். கம்பெனியின் வலைத்தளத்தில் 17 எழுத்து சேஸிஸ் நம்பரைப் போட்டேன், பாக்கி இருக்கிறது என்று உடனே காட்டியது.

இது டகாட்டா ஏர்பேக் சம்பந்தப்பட்ட ரீகால். தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பையை ஊத வைக்கும் வாயுவுக்கு ஜப்பானின் டகாட்டா கம்பெனி அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. பல மாடல்களில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருளை உள்ளே வைக்கவில்லை. வெயிலும் புழுக்கமும் வருஷக்கணக்கில் மாறி மாறித் தாக்கும்போது அந்த மருந்து கெட்டு, மோதல் நடக்கும் சமயத்தில் அளவுக்கு மீறி வேகமாக எரிகிறது, அதைச் சுற்றியுள்ள உலோகக் கூடே சிதறித் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. பிழைத்திருக்க வேண்டிய சின்ன மோதலில்கூட ஆட்கள் செத்தார்கள், அமெரிக்காவில் மட்டுமல்ல, மலேசியாவிலும். அமெரிக்காவில் ஃப்ளோரிடா போன்ற புழுக்கமான பகுதிகளுக்குத்தான் ரீகாலில் முன்னுரிமை கொடுத்தார்கள். சென்னை, தூத்துக்குடிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிக்க வேண்டும். சோதனை அறிக்கைகளைத் திருத்திக் கார் கம்பெனிகளை ஏமாற்றியதாக 2017-ல் டகாட்டா அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது, அபராதமும் இழப்பீடுமாக மொத்தம் 100 கோடி டாலர், அதே ஆண்டு ஜூனில் திவால். இதில் கார் வாங்கினவன் என்ன பாவம் செய்தான்?

சரி, சர்வீஸுக்கு வருவோம். போன் செய்தால் "பார்ட் ஸ்டாக் இல்ல சார், வந்ததும் கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. நானே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுத்தான் நாள் வாங்கினேன். அதுவரை ஓட்டலாமா என்று கேட்டதற்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில். இந்த பதிலை என்னால் ஏற்கவே முடியவில்லை. இதே டகாட்டா விவகாரத்தில் 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா மாடல்களை மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம் என்று 2016-ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை சொன்னது. எந்த வண்டிக்கு எவ்வளவு ஆபத்து என்று கேட்டுச் சொல்ல வேண்டியவர்கள், வாயில் வந்ததைச் சொல்லக்கூடாது.

வேலை மட்டும் அருமை. பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். மெக்கானிக் முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றினார், கழற்றியதும் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று காத்திருந்தார். அப்புறம் ஸ்டீயரிங் நடுவில் உள்ள மூடியைக் கழற்றி, மஞ்சள் கனெக்டரைப் பிடுங்கி, ஏர்பேக்கை மேசையில் மூடிப் பக்கம் மேலே பார்க்கும்படி வைத்தார். தவறி வெடித்தால் எகிறிப் பாயாமல் இருக்க அப்படித்தான் வைக்க வேண்டுமாம். பழசின் பார்கோடையும் புதுசின் பார்கோடையும் ஸ்கேன் செய்தார், மாட்டி முடித்ததும் சாவியைத் திருப்பி, மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று என்னையும் பார்க்கச் சொன்னார். பில் பூஜ்யம். நடுவில் அட்வைசர் வந்து ஏசி க்ளீனிங், வீல் அலைன்மென்ட் என்று ஆரம்பித்தார், வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார். அரை மார்க் அதற்குத்தான் குறைத்தேன்.

"ஓனர்தான் கவனமாக இருக்கணும்" என்று அங்கேயே ஒருவர் சொன்னார். இது பழைய பல்லவி. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஓடும்போதே, சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச் சாவிக்கொத்தின் கனத்தில்கூட நழுவி இன்ஜின் நின்று, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போனது. 2005-ல் கம்பெனி டீலர்களுக்கு அனுப்பிய குறிப்பு என்ன தெரியுமா? சாவிக்கொத்தில் தேவையில்லாததைக் கழற்றிவிடும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள் என்பதுதான். ரீகால் வந்தது 2014-ல். அந்தக் கம்பெனியின் இழப்பீட்டு நிதியே 124 சாவுகளை ஏற்றுக்கொண்டது. நம் உச்ச நீதிமன்றம் இதில் தெளிவாக இருக்கிறது. 2017-ல் டெல்லி-பானிபட் சாலையில் ஒரு ஹூண்டாய் க்ரெட்டா மோதியபோது ஏர்பேக் விரியவில்லை. மோதலின் வேகத்தையும் விசையையும் வாடிக்கையாளர் கணக்குப் போட்டுப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, 2022-ல் அவருக்கான இழப்பீட்டை உறுதிசெய்தது.

ஓனருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மாட்டுகிறவர், சீட் பெல்ட் அலாரத்தை அடக்க க்ளிப் சொருகுகிறவர், சைடு ஏர்பேக்கை அடைக்கும்படி சீட் கவர் தைக்கிறவர், இவர்களை யாரும் காப்பாற்ற முடியாது. ரீகால் தெரிந்தும் போகாதவரும் அதே கணக்கு. ஆனால் தெரிந்த பிறகுதான் அந்தப் பொறுப்பு ஆரம்பிக்கிறது, தெரியப்படுத்துவது கம்பெனியின் வேலை.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம், 2021 ஏப்ரலில் விதிகள் வந்தன, அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. ஆனால் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். டகாட்டா இன்ஃப்ளேட்டரோ பழசாகப் பழசாகத்தான் ஆபத்தாகிறது! அந்த வண்டிகள்தான் இரண்டாவது, மூன்றாவது கை மாறி ஓடுகின்றன. ஜெர்மனியில் இப்போதைய ஓனரின் முகவரியை அரசு வாகனத் துறையே கம்பெனிக்குக் கொடுக்கிறது, அதற்கப்புறமும் ஓனர் போகாவிட்டால் வண்டியை ஓட்டவே தடை போடலாம். இங்கே பெயர் மாற்றத்துக்கு ஆர்டிஓவில் இவ்வளவு பேப்பர் கேட்கிறார்கள், ரீகால் பாக்கி இருக்கிறதா என்று ஒரு வரி அதில் சேர்க்கக்கூடாதா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆர்சியில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள், தளத்தில் வசதி இல்லையென்றால் எந்த அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலும் கேட்கலாம், வண்டி எங்கே வாங்கினீர்கள் என்பது பிரச்சினையில்லை. ஸ்டாக் இல்லை என்றால் வாய்ப் பேச்சோடு விடாமல் மெயிலில் பதில் வாங்குங்கள். முடிந்ததும் ஜாப் கார்டில் புது பாகத்தின் சீரியல் நம்பர் ஏறியிருக்கிறதா பாருங்கள். வண்டியை விற்கும்போது அந்தப் பேப்பரையும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.