பழைய சொகுசு எஸ்.யூ.வி. வாங்கப் போகிறீர்களா? 4,85,000 ரூபாய் போன வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்

இன்று மதியம்தான் கடைசி பில்லைக் கட்டிவிட்டு வந்தேன். மொத்தம் 4,85,000 ரூபாய். வண்டியின் விலை இல்லை இது, வாங்கிய பிறகு ரிப்பேருக்கு மட்டும் போனது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி வண்டியில் என்னென்ன பார்த்து வாங்கணும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

வாங்கிய இடம் கோவையில் ஒரு ஷோரூம். பழைய வெளிநாட்டுக் கார்களைப் பளபளவென்று துடைத்து வரிசையாக நிறுத்தி, வாங்குகிறவருக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, ரீல் எடுத்துப் போடுவார்களே, அந்த ரகம். கேஸ் போடப் போவதால் பெயர் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வண்டி 2014 மாடல் ஜெர்மன் எஸ்.யூ.வி., 3 லிட்டர் வி6 டீசல், டெல்லி பதிவு, ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும்). புதுசில் அரைக் கோடிக்கு மேல் விற்றது. எனக்கு 13,50,000-க்குக் கொடுத்தார்கள்.

டெல்லி வண்டி மலிவாக வந்ததற்குக் காரணம் உண்டு. தலைநகர்ப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. அதனால் ஒன்பது, பத்து வயதாகும்போதே அங்கே வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். என்.ஓ.சி. (வேறு மாநிலத்தில் பதிய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) வாங்கிக்கொண்டு அவை தெற்கே வந்தன. இதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல வண்டிகளும் வந்தன என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

என்னை விழ வைத்தது ஒரு பட்டன். அம்மாவுக்கு முழங்கால் வலி, உயரமான வண்டியில் ஏற முடியாது. இதைச் சொன்னதும் விற்பனைப் பையன் ஓடிப்போய் டிக்கிப் பக்கம் இருந்த பட்டனை அமுக்கினான். வண்டி அப்படியே அடங்கி இறங்கியது. "ஏறுங்கம்மா, உங்களுக்குன்னே செஞ்ச வண்டி" என்று கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தான். அப்புறம் ஓனர் வந்தார், டீ வந்தது, பச்சை டிக் நிரம்பிய நாலு பக்க இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வந்தது. மீட்டரில் 71,000 கிலோமீட்டர். "டாக்டர் ஓட்டின வண்டிங்ணா. டயரும் பேட்டரியும் தவிர அஞ்சு வருஷத்துக்குக் கையை வைக்க வேண்டியதில்ல. ஏதாச்சும்னா நான் இருக்கேன்" என்றார். அந்த 'நான் இருக்கேன்'ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாசமே, காலையில் பார்த்தால் முன்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி படுத்துக் கிடக்கும். ஸ்டார்ட் செய்தால் மெதுவாக எழும். போன் செய்தேன். "ஏர் சஸ்பென்ஷன்னா ராத்திரி கொஞ்சம் இறங்கத்தாங்ணா செய்யும், எல்லா வண்டிக்கும் சகஜம்" என்றார். சகஜமே இல்லை. சஸ்பென்ஷனின் ரப்பர் பை வயதாகி வெடிப்பு விட்டால் காற்று கசியும். கசிந்ததை நிரப்பிக்கொண்டே இருக்கிற கம்ப்ரஸர் ஒரு நாள் கருகிப் போகும். என்னுடையதும் போனது. கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதுசும் கொஞ்ச நாளில் போய்விடும் என்பதால் முன்பக்கப் பை இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. எல்லாம் சேர்த்து 1,58,000. அதுவும் கம்பெனி பார்ட் இல்லை, வெளி மார்க்கெட் பார்ட்.

அடுத்தது ஆயில் கசிவு. என்ஜினின் இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவே, பள்ளத்தில், ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. அதன் ரப்பர் சீல் சூட்டில் கெட்டியாகி ஆயிலை விடுகிறது. சீல் விலை கொஞ்சம்தான். ஆனால் அதைத் தொடுவதற்கு என்ஜினுக்குக் காற்று கொடுக்கிற டர்போவையும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றணும். 84,000. இதற்கு ஷோரூமில் கிடைத்த பதில், "லீக் இல்ல சார், வேர்வை." கவனித்தீர்களா, அண்ணா போய் சார் ஆகிவிட்டேன்.

அப்புறம் டி.பி.எஃப். டீசல் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். வண்டி நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். ஊருக்குள்ளேயே உருட்டிய வண்டிக்கு அடைத்துக்கொள்ளும். அடைத்திருந்தது, 1,73,000. கியர்பாக்ஸ் உதறலுக்கு 70,000. கியர்பாக்ஸ் ஆயில் 'லைஃப்டைம்', மாற்றவே வேண்டாம் என்று விற்கும்போது சொன்னார்கள். மாற்றத்தான் வேண்டும். கூட்டிப் பாருங்கள், 4,85,000.

வாரன்டி இல்லையா என்று கேட்பீர்கள். ஆறு மாசம் இருந்தது. என்ஜின், கியர்பாக்ஸுக்கு மட்டும். ரப்பர், சீல், கசிவு, எலெக்ட்ரிக்கல், ஃபில்டர் எதுவும் சேராது என்று பின்பக்கம் எறும்பு சைஸில் அச்சடித்திருக்கிறார்கள். சரி, கியர்பாக்ஸ் சேருமே என்றேன். "வெளியில காட்டிட்டீங்க, அதனால வாரன்டி போச்சு" என்றார்கள். அவர்கள் சொன்ன ஒர்க்‌ஷாப்பில் மூன்று வாரம் சும்மா கிடந்த பிறகுதான் நான் வெளியில் காட்டினேன். நேரில் போனால் ஓனர் சென்னையில். போன் செய்தால் மீட்டிங்கில். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். கடைசியாக வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தார், என் குரல் கேட்டதும், "யாருங்க பேசறது?" நான் இருக்கேன் என்று சொன்ன அதே ஆள்!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது இது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். மீட்டர் காட்டுவது எழுபத்துச் சொச்சம். கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட்டில் (கியர்பாக்ஸை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர்) பதிவான ஒரு பழைய ஃபால்ட், 1,12,000 கிலோமீட்டரில் வந்தது என்று காட்டுகிறது. இந்த வண்டிகளில் கிலோமீட்டர் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மீட்டரைத் திருத்தியவனுக்கு மற்ற இடங்கள் கண்ணில் படவில்லை. ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பார்க்க வேண்டியவை. விரிவாக எழுதத் தெம்பு இல்லை, மெக்கானிக் வேறு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் ஆளை வைத்து எல்லா யூனிட்டையும் ஸ்கேன் செய்யுங்கள். ஷோரூம் ரிப்போர்ட் வெறும் காகிதம். நீங்கள் போவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைக்க விடாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் போய், ஸ்டார்ட் செய்வதற்கு முன் நாலு மூலையும் ஒரே உயரமா என்று பாருங்கள். அடியில் ஆயில் ஈரம் இருந்தால் கிளம்பிவிடுங்கள். என்.ஓ.சி. தேதி, லோன் பாக்கி, தமிழ்நாட்டு ஆயுள் வரி யார் கட்டுவது, எல்லாம் எழுத்தில். வாய் வார்த்தைகளை வாட்ஸ்அப்பில் திரும்பக் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.

ஏமாந்தவர்கள் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 50 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்கு அங்கேயே மனு போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போடணும். நான் திங்கள்கிழமை போடுகிறேன். இதே ஷோரூமில் டெல்லி வண்டி வாங்கி மாட்டியவர்கள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், வக்கீல் கேட்கச் சொன்னார்.