ஒற்றியா, மாத வாடகையா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஒற்றி என்றால் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் வீட்டை விடுவது; தவணை முடிந்ததும் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று கேரள எல்லை தாண்டி தினமும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய இருப்பதால் ஆள் கிடைப்பது பெரிய பாடில்லை.

கணக்கைப் போடுங்கள். வீட்டை 5 லட்சத்துக்கு ஒற்றிக்குக் கொடுத்து அந்தப் பணத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு 35,000, அதாவது மாதம் மூவாயிரம்கூட இல்லை. அதே வீட்டுக்கு 7,000 வாடகை வந்தால் 84,000. அப்புறம் எதற்கு ஒற்றி? வெளியில் மாதம் 2 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் மட்டும் கதை வேறு. 5 லட்சத்தை அடைத்தால் வருஷம் 1,20,000 மிச்சம், அதற்கு ஒற்றியே மேல். ஆனால் தவணை முடியும் நாளில் முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டும், அடுத்த ஒற்றிக்காரர் வந்து கொடுப்பார் என்று நம்பியிருப்பது ஆபத்து. பணத்தைக் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு முழிப்பவர்களை நம் ஊரில் தேடவே வேண்டாம்.

வாடகையில் தொல்லை வேறு மாதிரி: வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், பத்தாம் தேதி தாண்டியும் எடுக்காத போன், இரண்டு பருவமழையிலும் ஒழுகும் ஓடு. வருமான வரியில் வீட்டுவரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு, அது ஆறுதல். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது தமிழ்நாட்டின் 2017 சட்டம்; தெரிந்த ஆள்தானே என்று விடாதீர்கள்.

கடன் இல்லையென்றால் நான் வாடகைக்குத்தான் விடுவேன்.