கானாவில் பதினெட்டு மாதம்: மார்மன் சபையின் மூத்த தம்பதியர் ஊழியம் எப்படி?

மார்மன் ஊழியக்காரர் என்றாலே வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடக்கும் இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயர் கொண்ட அதே சபை, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஓய்வில் இருக்கும் கணவன் மனைவியரையும் அனுப்புகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவுக்குப் போகும் தம்பதியை மனத்தில் வைத்து அந்த ஏற்பாட்டை இங்கே அலசலாம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: எந்த வேலை என்று தீர்மானித்துவிட்டு நாட்டைப் பார்ப்பவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. நாட்டை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் பெரும்பாடு.

விண்ணப்பம் ஆயரிடம் (உள்ளூர்ச் சபைக் கூட்டத்தின் தலைவர்) தொடங்கி, பல கூட்டங்களை மேற்பார்க்கும் பிணையத் தலைவரைத் தாண்டித் தலைமையகத்துக்குப் போகும். இருவருக்கும் ஆலயப் பரிந்துரைச் சீட்டு, அதாவது சபையின் ஆலயத்துக்குள் நுழைய உள்ளூர்த் தலைவர்கள் தரும் அனுமதிச் சீட்டு, நடப்பில் இருக்க வேண்டும். மருத்துவர், பல் மருத்துவர் படிவங்களும் உண்டு. பல் படிவத்தில்தான் பலர் தேங்கி நிற்கிறார்கள். பாதியில் விட்ட வேர்ச்சிகிச்சை, ஆடும் செயற்கைப் பல் பாலம் எல்லாவற்றையும் புறப்படும் முன் முடித்துவிட வேண்டும். 6, 12, 18, 23 மாதம் எனக் காலக்கெடுக்கள் உண்டு. 2011-ல் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டுக்கு 18 மாதத்துக்குக் குறைவாகப் போகிறவர்கள் விமானச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். விருப்பமான வேலையையும் இடத்தையும் எழுதித் தரலாம், ஆனால் முடிவு தலைமையகத்துடையது. அந்த ஊழியப் பகுதியின் தலைவரோடு முன்கூட்டியே பேசி, அங்கே எந்த வேலைக்கு ஆள் தேவை என்று கேட்டுக்கொள்பவர்களுக்குப் பொருத்தமான அழைப்பு வர வாய்ப்பு அதிகம்.

செலவு சொந்தச் செலவு. இளைஞர்களுக்குப் போல மாதம் இவ்வளவு என்ற ஒரே தொகை (அமெரிக்காவில் 2020 ஜூலை முதல் 500 டாலர்) இவர்களுக்குக் கிடையாது. அதே 2011 விதி வீட்டுச் செலவுக்கு மாதம் 1,400 டாலர் என்று ஓர் உச்சவரம்பு வைத்தது. வாடகை, மின்சாரம், தண்ணீர், அறைகலன் எல்லாம் அதற்குள் அடங்கும். மேலே போனால் சபை ஏற்கும். அக்ரா போன்ற தலைநகரத்தில் இது பெரிய உதவி. சாப்பாடு, மருந்து, தொலைபேசி, அத்தோடு சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் வரி, காப்பீடு இவையெல்லாம் தனிக்கணக்கு. மாதச் செலவைக் கூட்டும்போது பலர் விட்டுவிடுவது அந்தப் பூட்டிய வீட்டைத்தான்.

இனி வேலை. வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்வது மூத்தவர்களின் வேலையே அல்ல. அலுவலகக் கணக்கு, வாகனப் பராமரிப்பு, இளைஞர்கள் தங்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வது, மனிதநேய உதவித் திட்டங்கள், ஆலயப் பணி, வம்சாவளி ஆவணங்கள், மருத்துவ ஆலோசனை, உள்ளூர்த் தலைவர்களுக்குத் துணை நிற்பது எனப் பல துறைகள் உண்டு. இவற்றில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது இளைஞர்கள் தங்கும் வீடுகளின் பொறுப்பு. எங்கள் கணிப்பில் அதிகப் பலன் தருவதும் அதுதான்.

கானாவில் இது ஏன் கடினம் என்றால், முதல் காரணம் முன்பணம். ஆறு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று 1963-ன் வாடகைச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வீட்டுக்காரர்கள் ஓராண்டு, இரண்டாண்டு வாடகையை மொத்தமாகக் கேட்கிறார்கள். அப்படிக் கொடுத்த பிறகு கிணறு வற்றினாலோ, கூரை ஒழுகினாலோ, இளைஞர்களை வேறு ஊருக்கு மாற்றினாலோ பணம் திரும்பாது. ஆகவே வீடு பார்க்கப் போகும் தம்பதி பகலில் ஒரு தடவை, மின்சாரம் போன மாலையில் ஒரு தடவை, இயன்றால் மழை பெய்த மறுநாள் ஒரு தடவை என்று மூன்று முறை பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது. மேல்தொட்டியை அங்கே பாலிடேங்க் என்பார்கள். அதன் மூடி இறுக்கமாக இருக்கிறதா, ஜன்னல் வலையில் கிழிசல் உண்டா, முன்பணம் கட்டும் மின்மீட்டர் இந்த வீட்டுக்கு மட்டும்தானா, பக்கத்து வீட்டோடு சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பொது மீட்டர் என்றால் சனிக்கிழமை இரவு இருப்பு தீர்ந்து, யார் கட்டுவது என்ற தகராறு நிச்சயம்.

குடியேறிய வீடுகளைச் சுற்றி வரும்போது முதலில் சமையலறைக்குப் போங்கள். எரிவாயு உருளையின் ரப்பர் குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். இணைப்பில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். அடுத்தது தண்ணீர் வடிகட்டி. நம் வீடுகளில் இருந்த அதே கேண்டில் ஃபில்டர் வகையில் இளைஞர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: ஒழுக்கு மெதுவானதும் கேண்டிலைக் கழற்றிப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் இரும்பு நாரும் போட்டுத் தேய்ப்பது. சோப்பு பீங்கானின் நுண்துளைக்குள் போய்விடும், இரும்பு நார் சுவரை மெலிதாக்கிவிடும். மென்மையான பல்துலக்கியும் சுத்தமான தண்ணீரும் போதும். கழற்றி மாட்டும்போது வாஷரைத் தலைகீழாகப் போடுவதும், திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கிக் கேண்டிலின் கழுத்தில் விரிசல் விடுவதும் அடிக்கடி நடக்கும். மெதுவாக ஒழுகிக்கொண்டிருந்த வடிகட்டி திடீரென்று வேகமாக ஒழுகினால் சந்தோஷப்பட வேண்டாம். விரிசல் வழியே அழுக்குத் தண்ணீர் அப்படியே இறங்குகிறது என்று அர்த்தம். வீட்டுக்கு ஓர் உதிரிக் கேண்டிலும் இரண்டு வாஷரும் காரில் இருக்கட்டும்.

மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவின் 120 வோல்ட் இஸ்திரிப்பெட்டி, முடி உலர்த்தி ஆகியவற்றை வெறும் பிளக் மாற்றியில் செருகினால் புகைதான். தூக்கத்தில் மூச்சடைப்புக்காகச் சிபாப் கருவி வைத்திருப்பவர்கள் அதன் மின்மாற்றியில் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஓர் இரவுக்குத் தாங்கும் மின்கலம் கட்டாயம். மின்வெட்டுக்கு ‘தும்சோர்’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கும் ஊர் அது. நவம்பர் முதல் மார்ச் வரை சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று தூசியை அள்ளி வரும். அந்த மாதங்களில் கருவியின் காற்று வடிகட்டி வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஒரு டஜன் கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

உடல்நலத்தில் பேச வேண்டியவை இரண்டு. கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகப் போடுகிறவர்களுக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இதை டிக்கெட் எடுத்த பிறகு யோசிக்கக் கூடாது. அழைப்பு ஏற்கும் முன்பே பயண மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது, மலேரியா. தினசரி மாத்திரை என்றால் 18 மாதத்துக்கு ஆளுக்கு 540-க்கு மேல். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்த மாத்திரை ஒத்துவரும் என்று கேட்டே தொடங்க வேண்டும். நான்காம் மாதம் “நமக்கு ஒன்றும் வரவில்லையே” என்று நிறுத்துபவர்கள்தான் ஆறாம் மாதம் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள்.

முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் பொதுவாக வெளிநாட்டில் உதவாது. ஆகவே அவசரத்தில் நோயாளியை விமானத்தில் வேறு இடத்துக்குக் கொண்டுபோவதும் சேர்ந்த காப்பீடு இல்லாமல் கிளம்பக் கூடாது. மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான மெடிக்கேர் பி பகுதியில் தாமதமாகச் சேர்ந்தால், தவறிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம் மாதக் கட்டணத்தில் ஏறும். வரிவிலக்கு பெற்ற அமைப்பின் தொண்டராக 12 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்து, அங்கே மருத்துவக் காப்பீடும் வைத்திருந்தவர்களுக்குத் திரும்பியபின் அந்த அபராதமில்லாமல் சேர ஆறு மாதச் சிறப்புச் சேர்க்கை உண்டு. காப்பீட்டுக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

உள்ளூர்த் தலைவர்களுக்குத் துணை போகும் தம்பதியர் கானாச் சபையின் கதையைத் தெரிந்துகொண்டு போவது அவசியம். முதல் ஞானஸ்நானங்கள் 1978 டிசம்பரில் நடந்தன. 1989 ஜூனில் அரசு சபையைத் தடைசெய்து வெளிநாட்டு ஊழியர்களை வெளியேற்றியது. 1990 நவம்பரில் தடை நீங்கும்வரை உறுப்பினர்கள் வீடுகளில் கூடிச் சபையைத் தாங்களே காப்பாற்றினார்கள். அக்ரா ஆலயம் 2004-ல் பிரதிஷ்டை ஆனது. இவ்வளவு பார்த்தவர்களிடம் போய்க் கூட்டத்தை எப்படி நடத்துவது என்று பாடம் எடுப்பது பிழை. கிளை எனப்படும் சிறு உள்ளூர்ச் சபையின் தலைவர் தட்டுத்தடுமாறினாலும் ஒலிவாங்கியைத் தாங்களே வாங்காமல் பின்வரிசையில் உட்காரத் தெரிந்தவர்களே அங்கே நிலைக்கிறார்கள்.

அன்றாடக் கட்டுப்பாடு இளைஞர்களைவிட மிகவும் தளர்வு. பேரப்பிள்ளைகளோடு நினைத்தபோது பேசலாம், நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். குறை என்று சொன்னால், அழைப்புக் கடிதத்தில் இருவருக்கும் ஒரே வேலை என்று இருந்தாலும், போய்ச் சேர்ந்ததும் கணக்குப் புத்தகம் கணவரிடமும் வெறும் நாற்காலி மனைவியிடமும் வந்து சேர்வது. முதல் வாரத்திலேயே தலைவரிடம் வேலையைப் பெயர் போட்டுப் பிரித்துக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. முழங்கால் பலவீனமானவர்கள் இன்னொன்றையும் யோசிக்கட்டும்: அக்ரா தெருவோரங்களில் மூடியில்லாத ஆழமான சாக்கடைகள் உண்டு. இருட்டிய பிறகு கைவிளக்கு இல்லாமல் காரைவிட்டு இறங்கக் கூடாது.

திரும்பும் வாரத்தில் மீதமுள்ள மலேரியா மாத்திரையை அடுத்து வரும் தம்பதிக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். அட்டோவாகோன்-புரோகுவானில் என்றால் ஊர் வந்து ஏழு நாள், டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம் தொடர்ந்து விழுங்க வேண்டும். அந்த அட்டைகள் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டி வழியில் தொலைந்தாலும் கையில் இருக்கும்.