பென்ஷன்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் ஞாயிறு: தர்மபுரி, கிருஷ்ணகிரி சுற்றிய அனுபவம்

நானும் என் வீட்டுக்காரரும் தர்மபுரியில் இருக்கிறோம். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன், அவர் மின்வாரியத்தில் போர்மேன். இரண்டு பேரும் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. காசி, ராமேஸ்வரம் என்று எல்லோரையும் போல நாங்களும் பெரிய பட்டியல் போட்டோம். அதில் போனது கொஞ்சம்தான். விட்டு விட்டு இத்தனை வருடமாக நாங்கள் அதிகம் சுற்றியது தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குள்ளேதான். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம். முழங்கால் வலியும் சர்க்கரை மாத்திரையும் உள்ளவர்களுக்கு இங்கே எது ஒத்துவரும், எது வராது என்று இனிமேல் ஓய்வு பெறப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. எங்களுக்கு மிச்சம் இருக்கும் சலுகை கிழமை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போனவர்களும் செவ்வாய்க்கிழமை போனவர்களும் ஒரே ஊருக்குப் போனார்கள் என்றே சொல்ல முடியாது. நான் கீழே நல்லது கெட்டது என்று சொல்வதெல்லாம் வார நாட்களில் பார்த்ததை வைத்துத்தான்.

ஒகேனக்கல் தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் சாலை இறங்கும். போவதற்கு முன்னால் நாங்கள் காலைச் செய்தியில் காவிரி நீர்வரத்தைப் பார்ப்போம். கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறந்துவிடும் தண்ணீர் பிலிகுண்டுலு வழியாக இங்கே வரும். குடகிலும் வயநாட்டிலும் மழை பிடிக்கும் ஆடி, ஆவணியில் வினாடிக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் கன அடி என்று ஏறினால் அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். வெறுமனே பார்க்க மட்டும் போகலாம். செம்மண் நிறத்தில் பாறையெல்லாம் மூழ்கி ஓடும் ஆற்றைப் பார்ப்பதும் ஒரு காட்சிதான். ஆனால் குளிக்கிற ஆசையோடு போகிறவர்களுக்கு அது ஏமாற்றம். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்து, அருவியும் வற்றாமல் இருக்கும் கார்த்திகை, மார்கழி எங்களுக்குப் பிடித்த மாதங்கள்.

பரிசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதானவர்கள் பயப்படுவது இதற்குத்தான். பரிசலுக்குள் இருக்கை என்று ஒன்றும் கிடையாது, தரையோடு தரையாகத்தான் உட்கார வேண்டும். ஏறும்போது விளிம்பில் காலை வைத்தால் அந்தப் பக்கம் சாயும். பரிசல்காரர் துடுப்பை ஊன்றிப் பிடித்துக்கொள்வார். அப்போது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் அடியை நட்டநடுவில் வைத்துவிட்டால் போதும், பயமில்லை. உள்ளே மடக்கி உட்கார்ந்தால் அரை மணிக்கும் மேலே காலை நீட்டவே முடியாது, அப்படியேதான் இருக்க வேண்டும். அதனால் முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள் தயவுசெய்து ஏற வேண்டாம். மற்றவர்கள் தாராளமாக ஏறலாம். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கட்டணம் எவ்வளவு என்று போர்டில் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். நீர் குறைவாக இருக்கும் நாளில் இரண்டு பக்கப் பாறைச் சுவருக்கு நடுவே பரிசல் போகும்போது தலைக்கு மேலே தெரியும் வானம் ஒரு கீற்றுதான். அங்கே பரிசல்காரர் ஒரு சுற்று சுற்றிவிடுவார். என் வீட்டுக்காரர் முன்கூட்டியே "எங்களுக்குச் சுத்தாதீங்க தம்பி, தலை கிறுகிறுக்கும்" என்று சொல்லிவிடுவார். நான் சுற்றச் சொல்வேன்.

எண்ணெய் மசாஜ் அவருடைய இலாகா. பாறை மேல் குப்புறப் படுக்க வைத்து, தட்டித் தட்டித் தேய்த்து, நேராக அருவிக்கு அனுப்புவார்கள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் கழுத்தை முறுக்கவிடாமல், தோளோடும் முதுகோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. இதை நர்ஸாகச் சொல்கிறேன்.

மீன் சாப்பாடுதான் அங்கே சரியான விஷயம். ஆற்று மீனை நாமே பார்த்து வாங்கி, சமைத்துக் கொடுக்கும் அம்மாக்களிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் சோறும் தயாராக இருக்கும். கட்லாவோ கெண்டையோ, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து வாங்குங்கள். மிளகாயை முன்கூட்டியே குறைக்கச் சொல்லாவிட்டால் அப்புறம் நம் வயிறுதான் பதில் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கும் மீனை நாங்கள் தொடுவதில்லை. எத்தனை மணிக்குத் தடவினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

போக்குவரத்துக்குப் பெரும்பாலும் பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, அவருக்கு உண்டு. கண்டக்டர் எனக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதெல்லாம் "பென்ஷன் ரெண்டு பேருக்கும் வருது, செலவு மட்டும் எனக்கா?" என்று முணுமுணுப்பார். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரமாக இருந்தும் ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. தர்மபுரியில் இருக்கிறது, ஆனால் சென்னை போக வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் மொரப்பூருக்குப் போய் ஏறுகிறவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வயதிலும் பஸ்ஸின் முதல் படி உயரம்தான் எங்கள் பயணத்தைத் தீர்மானிக்கிறது.

கோயில்களில் அதியமான்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியன்று வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். பூசணிக்காயில் விளக்கேற்றிக்கொண்டு வரிசை நீளும். அன்றைக்குப் போனால் நிற்கவே சக்தி வேண்டும். வேறு எந்த நாளில் போனாலும் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டு, அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோயிலுக்கும் போகலாம். மண்டபத்துக் கூரையில் இதிகாசக் காட்சிகளைப் பழைய ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், அங்கங்கே வண்ணமும் உதிர்ந்திருக்கிறது. இருந்தாலும் பைரவரோடு திரும்பிவிடுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பேன். தர்மபுரிக் கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாமல் நிற்கும் தூண் உண்டு. அடியில் துணியை விட்டு எடுத்துக் காட்டுவார்கள், பேரப்பிள்ளைகள் வந்தால் கூட்டிப்போக நல்ல இடம். தீர்த்தமலை அரூருக்கு அந்தப் பக்கம். மேல் கோயிலுக்குப் படி ஏற வேண்டும், ராம தீர்த்தம் மேலேதான் விழுகிறது. எனக்கு அடிவாரக் கோயிலோடு சரி. அவர் மட்டும் ஏறிப்போய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவார்.

அருங்காட்சியகங்களை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டிலும் நடுகற்கள்தான் பெரிய சொத்து. மாடு கவர்ந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனை வில்லும் வாளுமாகச் செதுக்கி, பக்கத்தில் பெயரும் காரணமும் எழுதி வைத்திருக்கிறார்கள். சர்வீஸ் காலத்தில் நான் சொட்டு மருந்துப் பெட்டியோடு போன ஊர்களில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் இதே மாதிரிக் கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், சாமி என்று நானும் கும்பிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை நினைவில் வையுங்கள். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்களே, அந்த ஊரும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான். ஆனால் பெயரைக் கேட்டுவிட்டுப் போனால் நம்மைப் போன்றவர்கள் பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

கிருஷ்ணகிரி அணை காமராஜர் காலத்தில், 1957-ல் திறந்தது. தென்பெண்ணைக் குறுக்கே கட்டியது. பூங்காவில் உட்கார பெஞ்சு, வறுத்த மீன், பிறகு வீடு. ஒரு சாயங்காலத்துக்குப் போதும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துச் சாப்பாடு என்றால் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், நாட்டுக்கோழிக் குழம்பு. இது ஊருக்குள் இருக்கும் சின்ன மெஸ்களில்தான் நன்றாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் மண் பானை பொம்மை வைத்த ஒரு பெரிய ஹோட்டலில் நாட்டுக்கோழி என்று போர்டு போட்டுவிட்டு பிராய்லர் வைத்தார்கள். எலும்பைக் கடித்தாலே தெரிந்துவிடாதா? களியும் ஆறிப்போய் மேல் தோல் காய்ந்திருந்தது. களி என்றால் ஆவி பறக்க உருட்டி வைத்து, விரல் சுடச்சுடக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். அந்தச் சூடு போனால் அது பண்டமே இல்லை. இன்னொன்று, கேழ்வரகு என்றால் சர்க்கரை ஏறாது என்று நம்பி இரண்டு உருண்டை உள்ளே தள்ளும் அண்ணன்மார்களே, ஏறும். ஒரு உருண்டை, நிறையக் கீரை.

இத்தனை வருடத்தில் எங்களுக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது எது என்றால் யோசிக்காமல் கூத்து என்பேன். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் இந்த இரண்டு மாவட்டத்திலும் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் நடக்கும். மத்தியானத்தில் மகாபாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம், தீமிதி. சுவரொட்டியிலும் ஊர்க்காரர்கள் வாயிலும்தான் தேதி தெரியவரும். டிக்கெட் கிடையாது, கிழமையும் பார்ப்பதில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். கட்டியங்காரன் வந்து ஊர்த் தலைவரிலிருந்து கரண்ட் போகிற விஷயம் வரைக்கும் கிண்டலடிப்பான். என் வீட்டுக்காரர் மின்வாரியம் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, ஒருமுறை அவரையே இழுத்துவிட்டார்கள், கூட்டம் சிரித்து அடங்கவில்லை. அப்புறம் இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். உள்ளிருந்து சலங்கைச் சத்தம், பாட்டு, கிரீடத்தின் நுனி, பிறகுதான் முகம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேஷக்காரரின் நெற்றியில் கட்டின கயிறு அழுத்திய தடம் தெரியும். அதோடு விடிய விடிய ஆடுகிறார்கள்.

கர்ண மோட்சம் மட்டும் தவறவிடாதீர்கள். போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடை கேட்க வருவான், அவள் குலம் கோத்திரம் கேட்டு அவமானப்படுத்துவாள். இரண்டு வேஷமும் ஆண்கள்தான். மூன்று மணி இருக்கும், பாதிக் கூட்டம் பாயில் சாய்ந்திருக்கும். இந்த வாக்குவாதம் தொடங்கியதும் பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து உட்கார்ந்துவிடும். பொன்னுருவியின் ஒவ்வொரு பதிலுக்கும் சிரிப்பார்கள், அவள் மனம் மாறி அழும்போது அதே பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் உயரமான மரத்தின் மேல் பாடிக்கொண்டே ஏறி, எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். குழந்தை வரம் வேண்டி ஈரச் சேலையோடு பெண்கள் கீழே காத்திருப்பார்கள். நர்ஸாக இருந்த எனக்கு அதில் சொல்ல நிறைய உண்டு, ஆனால் அங்கே போய்ச் சொல்வதில்லை.

கூத்துக்குப் போகிறவர்களுக்கு: பாயும் போர்வையும் வேண்டும், மடக்கு நாற்காலி இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் உட்காராதீர்கள், மறுநாள் வரை காது அடைத்திருக்கும். சாயங்காலமே தூங்கி எழுந்து போங்கள். பெண்களுக்குக் கழிப்பறைதான் பெரிய பாடு. எனக்குப் பழைய வேலையால் அநேகமாக எல்லா ஊரிலும் தெரிந்த வீடு இருக்கும், "நர்ஸம்மா" என்று கதவைத் திறப்பார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் ராத்திரி முழுக்க இருக்காமல், படுகளம் பார்க்கப் பகலில் வரலாம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருப்பான், அவன் தொடையை அடித்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள்.

கூத்துக்கு நேர் எதிர் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி. ஜூன், ஜூலை வாக்கில் நடக்கும். ராட்டினம், டெல்லி அப்பளம், அரசுத் துறை அரங்குகள், தட்டு தட்டாக அல்போன்சா, செந்தூரா, மல்கோவா, இமாம் பசந்த், பெயர் தெரியாத இன்னும் பல. மாம்பழ அரங்கைச் சாவகாசமாகப் பாருங்கள், அதற்காகவே போகலாம். சாயங்கால மேடையில் பாட்டுக் கச்சேரி, பட்டிமன்றம், நாட்டுப்புற ஆட்டம் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. கச்சேரி நாளில் பையன்கள் கூட்டம் அலைமோதும், பட்டிமன்ற நாளில் நமக்கு நாற்காலி கிடைக்கும். பழம் வாங்குவதாக இருந்தால் காவேரிப்பட்டணம் பக்கத்துச் சாலையோரக் கடைகளில் பேரம் பேசி வாங்குகிறோம்.

திரும்பி வருவதற்குக் கவலை இல்லை, சேலம் பஸ் ராத்திரி முழுக்க ஓடுகிறது. ஆனால் ஏறுவதற்கு முன் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குள் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். பைபாஸில் இறக்கிவிட்டுவிட்டால், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.